பழைய படம், புதிய பயம்

செவ்வியல் அறிவியல் புனைவுப் படங்களை மீண்டும் எடுக்கலாமா, கூடாதா என்ற வழக்கில் ஜாக் ஃபின்னியின் கதையைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. 1954-இல் 'காலியர்ஸ்' இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்' என்ற நாவலான அந்தக் கதையை ஹாலிவுட் நான்கு முறை படமாக்கியது: 1956, 1978, 1993, 2007. விண்ணிலிருந்து வந்த விதைகள் பெரிய காய்களாக முற்றுகின்றன. பக்கத்தில் தூங்கும் மனிதரின் நகல் காய்க்குள் உருவாகிறது. விடியும்போது வீட்டில் அதே முகம், அதே குரல், அதே நினைவுகளோடு ஒருவர் நடமாடுகிறார். உணர்ச்சி மட்டும் இல்லை. கதை அவ்வளவுதான்.

ரீமேக் என்ற ஒரே சொல்லுக்குள் பல காரியங்கள் அடங்கிக் கிடக்கின்றன. தமிழ் ரசிகருக்குப் பழக்கமான ரீமேக் மொழி தாண்டுவது. இந்தி 'டான்' 1978-இல் வந்தது, 1980-இல் 'பில்லா' ஆயிற்று. நடுவில் காலம் மாறவில்லை, பார்வையாளர்கள்தான் மாறினார்கள். அறிவியல் புனைவு ரீமேக் பெரும்பாலும் காலம் தாண்டுவது. இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே மொழியில், பழைய படத்தைப் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக எடுக்கப்படுகிறது. அதிலும் சில இயக்குநர்கள் பழைய படத்தையே மூலமாக வைத்துக்கொள்கிறார்கள். சிலர் படத்தை ஒதுக்கிவிட்டு, அது பிறந்த கதைக்கே திரும்பிப் போகிறார்கள். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் பல படங்களின் தலையெழுத்தை அதுவே முடிவு செய்திருக்கிறது.

நான்கு முறை வந்த காய்கள்

டான் சீகல் இயக்கிய 1956-ஆம் ஆண்டுப் படம் கருப்பு வெள்ளை, சிறு முதலீடு, நட்சத்திரம் என்று சொல்ல யாரும் இல்லை. சாந்தா மிரா என்ற கலிஃபோர்னியாச் சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். 'இவர் என் மாமா இல்லை' என்று ஒரு பெண் சொல்வதுதான் முதல் அதிர்ச்சி. படம் வந்த காலம் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்து ஓய்ந்திருந்த காலம். எனவே ஒரு சாராருக்குக் காய்கள் கம்யூனிஸ்டுகளாகத் தெரிந்தன. இன்னொரு சாராருக்கு, ஊரோடு ஒத்துப்போகாதவரைக் காட்டிக்கொடுத்த கூட்டமே காய்களாகத் தெரிந்தது. இரண்டும் தன் நோக்கம் இல்லை என்றார் ஃபின்னி. எழுதியவர் எண்ணாததையும் தாங்கிக்கொள்ளும் கதை என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

சீகல் நினைத்த முடிவில், நெடுஞ்சாலை நடுவே நின்று போகிற வண்டிகளைப் பார்த்துக் கதாநாயகன் கத்துவான். எவரும் நிறுத்த மாட்டார்கள். ஸ்டுடியோ பயந்தது. முன்னும் பின்னும் ஒரு மருத்துவமனைக் காட்சியை ஒட்டி, கடைசியில் மருத்துவர்கள் அவனை நம்பி எஃப்.பி.ஐ.க்கு அழைப்பு விடுப்பதாக முடித்தது. அந்த ஒட்டு இன்றும் தனியாகத் தெரிகிறது.

ஃபிலிப் காஃப்மன் 1978-இல் அதைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். இடமாற்றம் அலங்காரத்துக்காக நடந்ததல்ல. சிற்றூரில் ஒருவர் மாறினால் அன்றே தெரிந்துவிடும்; பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எப்போது மாறினார் என்று யாருக்குத் தெரியும்? வியட்நாம், வாட்டர்கேட் எல்லாம் முடிந்து, அரசாங்கத்தின் மீது நம்பிக்கை போய், மனிதர்கள் தங்களைத் தாங்களே 'சரிசெய்துகொள்ள' ஆலோசகர்களைத் தேடிப்போன காலம் அது. படத்தில் லெனார்ட் நிமாய் ஏற்றிருக்கும் வேடம் அப்படிப்பட்ட ஒரு பிரபல மனநல மருத்துவர். கணவன் வேறு ஆளாகிவிட்டான் என்று கதறும் பெண்ணுக்கு அவர் நயமாக விளக்கம் சொல்லி அனுப்புகிறார். 1956-இல் அந்த விளக்கம் அறியாமை. 1978-இல் அதுவே எதிரியின் ஆயுதம். தெருவில் குப்பை லாரிகள் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற எதையோ அள்ளிக்கொண்டு போகின்றன. அது என்ன என்று படம் நெடுநேரம் சொல்வதில்லை. பென் பர்ட் அமைத்த ஒலியில், நகல் மனிதர்கள் விரல் நீட்டி எழுப்பும் அலறல் படத்தின் முத்திரையாயிற்று.

முந்தைய படத்தைக் காஃப்மன் மறைக்கவும் இல்லை. 1956-இன் கதாநாயகன் கெவின் மெக்கார்த்தி, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டே இருந்தவரைப் போல, கார் கண்ணாடியைத் தட்டி எச்சரித்துவிட்டு ஓடுகிறார். சீகலே டாக்ஸி ஓட்டுநராக வருகிறார். பெரியவர்களிடம் ஆசி வாங்கியது போன்ற இந்த மரியாதையைச் செய்துவிட்டு, சீகலுக்கு மறுக்கப்பட்ட இருண்ட முடிவைக் காஃப்மன் எடுத்தார். கடைசிக் காட்சியில் டொனால்ட் சதர்லாண்டின் வாய் திறக்கும்போது படம் முடிந்துவிடுகிறது. ஒட்டு எதுவும் இல்லை. அசலைவிட ரீமேக் மேலானது என்று துணிந்து சொல்லக்கூடிய மிகச் சில படங்களில் இது ஒன்று.

ஏபல் ஃபெராரா 1993-இல் காய்களை ஒரு ராணுவ முகாமுக்குள் விட்டார். ஒரே சீருடை, ஒரே நடை, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல் என்று வாழும் இடத்தில் யார் மாறியவர், யார் மாறாதவர்? யோசனை அபாரமானது, படம் அதைப் பாதி தூரம்தான் கொண்டுபோனது. 2007-இல் நிக்கோல் கிட்மேன் நடித்த 'தி இன்வேஷன்' காயையே விட்டுவிட்டது. விண்வெளி ஓடத்தின் சிதைவோடு ஒரு கிருமி வருகிறது, மனிதருக்கு மனிதர் தொற்றுகிறது. அதிலும் ஒரு கூர்மையான எண்ணம் ஒளிந்திருந்தது: மனிதர்கள் உணர்ச்சியற்றுப் போகப் போக, பின்னணியில் ஓடும் தொலைக்காட்சிச் செய்திகளில் போர்கள் நிற்கின்றன, சமாதான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. அமைதிக்கு அந்த விலை கொடுக்கலாமா? ஆனால் இயக்குநர் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் எடுத்துக் கொடுத்தது ஸ்டுடியோவுக்குத் திருப்தி தரவில்லை. வச்சோவ்ஸ்கிகளைக் கொண்டு புதுக் காட்சிகளை எழுதவைத்து, ஜேம்ஸ் மெக்டீகைக் கொண்டு எடுக்கவைத்தார்கள். துரத்தல் காட்சிகள் கூடின, தடுப்பு மருந்து வந்தது, எல்லாரும் குணமானார்கள். 1956-இல் ஒட்டப்பட்ட அதே மருத்துவமனை முடிவு ஐம்பது ஆண்டு கழித்துப் பெருஞ்செலவில் திரும்பி வந்தது.

ஒரே கதை நான்கு படங்களைத் தாங்கியதற்குக் காரணம் அதன் நடுவில் இருக்கும் வெற்றிடம். காய் எதைக் குறிக்கிறது என்று கதை சொல்வதில்லை. அந்தந்தத் தலைமுறை தன் பயத்தை அதில் நிரப்பிக்கொள்கிறது. அறிவியல் புனைவுப் படங்களில் முதலில் பழசாவது விண்கலத்தின் அட்டையும் அசுரனின் ரப்பர் தோலும் என்று நினைப்பது வழக்கம். அதற்கும் முன்பே பழசாவது பயம். அதை மாற்றாமல் தோலை மட்டும் மாற்றுகிற படம் எடுக்கப்படுவதற்குப் பெரிய நியாயம் இல்லை.

படத்தைத் தாண்டிக் கதைக்கு

ஜான் கார்பெண்டரின் 'தி திங்' (1982) பெயரளவில் 1951-இன் 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தின் ரீமேக். ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில், கிறிஸ்டியன் நைபி பெயரில் வந்த அந்தப் பழைய படத்தில் எதிரி ஒரு நெட்டை மனிதன். தாவர இனம் என்று வசனத்தில் சொல்லப்படும். வட துருவப் பனியில் ராணுவ வீரர்கள் ஒற்றுமையாக நின்று அவனை ஒழிப்பார்கள். ஆனால் அதன் மூலமான ஜான் டபிள்யூ. காம்ப்பெல்லின் 1938-ஆம் ஆண்டுக் குறுநாவலில் எதிரிக்குச் சொந்த உருவமே கிடையாது. எந்த உயிரைத் தின்கிறதோ அதுவாகவே ஆகிவிடும். 1951-இல் அதைத் திரையில் காட்ட வழி இல்லை. எனவே கதையின் உயிர்நாடியையே விட்டுவிட்டார்கள்.

கார்பெண்டர் காம்ப்பெல்லிடம் திரும்பிப் போனார். அண்டார்டிகாவில் அடைந்து கிடக்கும் பன்னிரண்டு ஆண்கள், அவர்களில் யார் மனிதர் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரின் ரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்து, சூடான கம்பியைத் தொடவைத்துச் சோதிக்கும் காட்சி குறுநாவலிலிருந்து வந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராப் பாட்டின் என்ற கலைஞர் ரப்பர், பசை, நீரியல் இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கிய உருமாற்றங்கள் இன்றும் பார்ப்பவர் வயிற்றைப் பிசைகின்றன. இங்கே தொழில்நுட்பம் வெறும் மெருகல்ல. பழைய படத்தால் சொல்ல முடியாமல் போன கதையைச் சொல்வதற்கு அதுதான் வழி.

படம் தோற்றது. 1982 ஜூன் 25 அன்று, 'பிளேடு ரன்னர்' வந்த அதே நாளில், அது வெளியானது. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டிய ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சுமார் 1.5 கோடி டாலர் செலவிட்ட படத்தின் அமெரிக்க வசூல் 2 கோடியைத் தொடவில்லை. விமர்சகர்கள் அருவருப்பு என்று ஒதுக்கினார்கள்; பழைய படமே மேல் என்றவர்களும் உண்டு. இன்று கார்பெண்டரின் படமே செவ்வியல். எந்த ரீமேக்கையும் வெளியான வாரத்திலேயே எடைபோட்டு முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

அந்தச் செவ்வியலுக்கே பின்பு ஒரு வாரிசு வந்தது. 2011-இல் அதே பெயரில் வந்த படம் கதைப்படி 1982-க்கு முந்தைய நிகழ்ச்சிகள். அமைப்பில் ஏறக்குறைய ரீமேக். அதற்காக அலெக் கில்லிஸும் டாம் வுட்ரஃபும் நடத்திய நிறுவனம் உண்மையான பொம்மைகளையும் இயந்திர உருவங்களையும் செய்து கொடுத்தது. படம் வெளியானபோது அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் கணினி கிராஃபிக்ஸ் பூசப்பட்டிருந்தது. மனம் நொந்த கில்லிஸ், ரசிகர்களிடம் பணம் திரட்டி, பொம்மைகளையே நம்பி 'ஹார்பிஞ்சர் டவுன்' (2015) என்ற சிறு படத்தை இயக்கினார். அது ஒன்றும் பெரிய படமல்ல. ஆனால் ஒரு ரீமேக்கின் மீதான விமர்சனத்தை இன்னொரு படமாகவே எழுதியவர் அவர்.

டேவிட் குரோனன்பெர்க்கின் 'தி ஃப்ளை' (1986) பயத்தையே மாற்றியது. 1958-ஆம் ஆண்டுப் படத்தில் விஞ்ஞானியும் ஈயும் ஒரே இயந்திரத்துக்குள் சிக்கியதும் தலையும் கையும் இடம் மாறிவிடுகின்றன: மனித உடலில் ஈயின் தலை, ஈயின் உடலில் மனிதத் தலை. அணுவின் காலத்துக்கேற்ற விபத்து அது. 1986-இல் மரபணு பற்றிய பேச்சு வெளியுலகுக்கு வந்துவிட்டது. எனவே ஈ தலைமாற்றமாக வருவதில்லை, விஞ்ஞானியின் மரபணுவிலேயே கலந்துவிடுகிறது. உடம்பு நாளுக்கு நாள் மாறுகிறது. முதலில் அபார வலிமை, பிறகு நகம் கழல்கிறது, பல் உதிர்கிறது. காதலி உடனிருந்து பார்க்கிறாள். எய்ட்ஸ் நோய் அமெரிக்காவை உலுக்கிய ஆண்டுகளில் வந்ததால் பலர் அதை அந்த நோயின் கதையாகவே பார்த்தார்கள். குரோனன்பெர்க் அதைவிடப் பொதுவாக, எந்த உடலுக்கும் நேரும் நோயையும் முதுமையையும் பற்றிப் பேசினார். கிறிஸ் வாலஸும் ஸ்டீஃபன் டுபுயியும் மேக்கப்புக்காக ஆஸ்கார் வாங்கினார்கள்.

புதுப் பயமும் போதாதபோது

பயத்தை மாற்றினால் போதும் என்றால் 2008-இன் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' வெற்றி பெற்றிருக்க வேண்டும். ராபர்ட் வைஸின் 1951-ஆம் ஆண்டு மூலத்தில் கிளாட்டு என்ற விண்மனிதன் வாஷிங்டனில் வந்து இறங்குகிறான். அணு ஆயுதத்தோடு விண்வெளிக்கு வந்தால் பூமி எரிக்கப்படும் என்பது அவன் கொண்டுவந்த செய்தி. தன் வல்லமையைக் காட்ட அவன் யாரையும் கொல்வதில்லை. உலகம் முழுவதும் மின்சாரத்தை அரைமணி நேரம் நிறுத்துகிறான். மருத்துவமனைகளையும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களையும் விட்டுவிடுகிறான். அந்த விலக்குதான் அவனுடைய குணச்சித்திரம்.

ஸ்காட் டெரிக்சன் இயக்கிய ரீமேக்கில் அணுவின் இடத்தில் சுற்றுச்சூழல் வந்தது. மனிதர்களிடமிருந்து பூமியைக் காப்பாற்ற கிளாட்டு வருகிறான். காலத்துக்கு ஏற்ற மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் அணுப்போர் என்பது சில தலைவர்களின் கையில் இருக்கும் முடிவு. எச்சரிக்கைக்கு அங்கே பொருள் உண்டு. காற்றும் கடலும் கெடுவது கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பழக்கத்தால். அதை ஓர் இறுதி எச்சரிக்கையால் நிறுத்த முடியாது. வந்தவன் யாரிடம் பேசுவான்? பழைய கதையின் எலும்புக்கூடு புதிய பயத்தின் எடையைத் தாங்கவில்லை. கடைசியில் ஒரு தாய் தன் வளர்ப்பு மகனை அணைத்துக்கொள்வதைப் பார்த்து அவன் மனம் மாறுகிறான். 8 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 23 கோடி ஈட்டியது. ஆனாலும் விமர்சகர்கள் கைவிட்ட அந்தப் படத்தை அதன் கருத்துக்காக இன்று யாரும் நினைவுகூர்வதில்லை.

செலவு கூடக் கூடத் துணிவு குறைவது இன்னொரு நோய். பால் வெர்ஹோவனின் 'ரோபோகாப்' (1987) மிகக் கடுமையான தணிக்கைச் சான்றைத் தவிர்க்கவே பல முறை வெட்டப்பட்ட படம்; வன்முறையின் மிகையே அதன் கிண்டல். 2014 ரீமேக் பதின்ம வயதினரும் பார்க்கும்படி மென்மையாக்கப்பட்டது. வெர்ஹோவனின் 'டோட்டல் ரீகால்' (1990) கதாநாயகன் செவ்வாய்க்குப் போவதைப் பற்றியது. 12.5 கோடி டாலர் செலவில் 2012-இல் வந்த ரீமேக்கில் செவ்வாயே இல்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் எல்லாருக்கும் பிடிக்கும்படி எடுக்கச் சொல்வார்கள். கிண்டலும் கிறுக்குத்தனமும் முதலில் வெளியேறும்.

எதிர்த்திசையில் போன உதாரணம் 'தி இன்விசிபிள் மேன்'. எச்.ஜி. வெல்ஸின் 1897 நாவலை 1933-இல் ஜேம்ஸ் வேல் படமாக்கினார். குளோட் ரெயின்ஸின் முகம் கடைசி நொடிகளில்தான் தெரியும். கறுப்பு வெல்வெட் திரைக்கு முன் கறுப்பு வெல்வெட் உடை அணிந்த நடிகர் மேலே சட்டை மாட்டி நடக்க, அந்தப் பிம்பத்தை வேறொரு காட்சியோடு இணைத்து ஜான் ஃபுல்டன் செய்த வித்தை இன்றும் வியப்பூட்டுகிறது. 2020-இல் லீ வானெல் எடுத்த படத்துக்குச் செலவு சுமார் 70 லட்சம் டாலர். அவர் ஆளை மறைய வைக்கும் மருந்தைத் தூக்கிவிட்டு, மேலெல்லாம் நுண் கேமராக்கள் பதித்த ஓர் உடையை வைத்தார். அதைவிட முக்கியமாக, கதையை அவனிடமிருந்து பிடுங்கி அவளிடம் கொடுத்தார். கொடுமைக்கார ஒளியியல் நிபுணனிடமிருந்து தப்பி ஓடிய பெண், அவன் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகும், அறைக்குள் யாரோ இருப்பதை உணர்கிறாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கேமரா சும்மா கிடக்கும் ஒரு மூலையை நோக்கித் திரும்பி அங்கேயே நிற்கிறது. காலி நாற்காலியைப் பார்த்து அரங்கமே பயப்படுகிறது. அந்தக் காட்சிக்குக் கிராஃபிக்ஸ் செலவே இல்லை. உலக வசூல் 14 கோடி டாலரைத் தாண்டியது.

ஜப்பானியர்கள் இந்தப் பாடத்தை ஹாலிவுட்டுக்கு முன்பே படித்துவிட்டார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. 23 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் வெளியான இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஜில்லா' ஒரு படகு எரிவதில்தான் தொடங்குகிறது. 1998-இல் ஹாலிவுட் அதைத் தன் பங்குக்கு எடுத்தபோது, அசுரன் பிறந்ததற்குப் பிரான்சின் அணுச் சோதனைகள் காரணமாயின! பழியைக் கடல் கடத்திய அந்தப் படத்தில் எஞ்சியது ஒரு பெரிய பல்லி. ஹிதேயாகி ஆன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த 'ஷின் காட்ஜில்லா' (2016) ஃபுகுஷிமா விபத்தை நினைவில் வைத்து, அசுரன் ஊரை மிதிக்கும்போது அதிகாரிகள் கூட்டம் மேல் கூட்டம் போடுவதைக் காட்டியது. தகாஷி யமசாகியின் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' (2023) 1954-க்கும் பின்னால் போய், தோற்ற நாட்டின் இடிபாடுகளில் கதையை வைத்தது. 1.5 கோடி டாலருக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அது காட்சி விளைவுகளுக்கான ஆஸ்காரை வென்றது. இந்தத் தொடரில் முதல் ஆஸ்கார் அது.

மூலம் யாருடையது?

நாவலும் அசலும் இரண்டும் செவ்வியலாக இருந்தால் சிக்கல் முற்றுகிறது. ஸ்டானிஸ்லாவ் லெமின் 'சோலாரிஸ்' 1961-இல் வந்தது. ஒரு கோளை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர். அதை மனித அறிவால் புரிந்துகொள்ளவே முடியாது என்பது நாவலின் மையம். தார்க்கோவ்ஸ்கியின் 1972 படம் மனசாட்சியையும் வீட்டையும் பற்றியதாயிற்று. கான் விழாவில் பரிசு பெற்ற அந்தப் படத்தில் லெமுக்குத் தன் நாவல் தெரியவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்தான் தெரிந்தது என்று குறைபட்டார். 2002-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் அதை ஒரு தம்பதியின் காதல் கதையாகச் சுருக்கியபோதும் லெமுக்கு உவப்பில்லை; கடல் அதிலும் ஓரத்திலேயே நின்றது. தார்க்கோவ்ஸ்கியின் படத்தைத் தொடக் கூடாது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: நாவலுக்கு நேர்மையான ஒரு 'சோலாரிஸ்' இன்னும் பெரிய திரைக்கு வரவே இல்லை.

'ரீமேக் வந்தால் என்ன, பழைய படம் அப்படியேதானே இருக்கிறது' என்பது பலரும் சொல்லும் சமாதானம். பெரும்பாலும் உண்மைதான், எப்போதும் அல்ல. ரூபென் மமூலியனின் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' பாரமவுண்ட் நிறுவனத்துக்காக 1931-இல் எடுக்கப்பட்டது. ஃபிரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது. 1941-இல் ஸ்பென்சர் டிரேசியை வைத்து அதையே எடுக்க முனைந்த எம்.ஜி.எம்., பழைய படத்தின் உரிமையை விலைக்கு வாங்கிப் புழக்கத்திலிருந்து அகற்றியது. பல பத்தாண்டுகள் அது பார்வையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. மறைக்கப்பட்டது சாதாரணப் படமல்ல. நல்லவன் கெட்டவனாகும் காட்சியில் மார்ச்சின் முகம் ஒரு வெட்டும் இல்லாமல் கண் முன்னாலேயே மாறும். முகத்தில் வண்ண மேக்கப் பூசி, லென்ஸுக்கு முன் அதே வண்ண வடிகட்டியை வைத்தால் கருப்பு வெள்ளைப் படத்தில் மேக்கப் தெரியாது. வடிகட்டியை மாற்றினால் மெல்லத் தெரியவரும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸின் இந்த உத்தி வண்ணப் படத்தில் செல்லாது. பழைய தொழில்நுட்பம் எல்லாம் புதியதன் குறைபாடுள்ள முன்னோடி என்று எண்ணுபவர்கள் பார்க்க வேண்டிய காட்சி அது.

படைத்தவரே தன் படத்தை மறைப்பதும் உண்டு. பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஜார்ஜ் லூகாஸ் வாதாடினார். படங்கள் பண்பாட்டுச் சொத்து, உரிமையாளர் நினைத்தபடி மாற்றக் கூடாது என்றார். 1997-இல் தன் 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் கிராஃபிக்ஸ் உருவங்களைச் சேர்த்து, ஒரு காட்சியில் யார் முதலில் சுட்டது என்பதையே மாற்றினார். அதன்பின் பல ஆண்டுகள் மாற்றிய வடிவமே முறையான வெளியீடாக முன்னிறுத்தப்பட்டது. இதோடு ஒப்பிட்டால், தனிப் பெயரோடு தனியாக வரும் ரீமேக் நேர்மையானது.

சில படங்களில் ரீமேக் செய்யப் பிடிமானமே இல்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம், மீதி எல்லாம் வேகம், மௌனம், இசை, வெளிச்சம். 1984-இல் பீட்டர் ஹயாம்ஸ் அதன் தொடர்ச்சியைத்தான் எடுத்தார், ஓரளவு ஒழுங்காகவே, மூலத்தைத் தொடவில்லை. 'பேக் டு தி ஃப்யூச்சர்' (1985) விஷயத்தில் ஒப்பந்தமே காவல்: தங்கள் ஆயுள்வரை ரீமேக்குக்கு இடமில்லை என்று இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸ் அறிவித்துவிட்டார், அதைத் தடுக்கும் உரிமை அவரிடமும் எழுத்தாளர் பாப் கேலிடமும் இருக்கிறது. முப்பது ஆண்டு பின்னோக்கிப் போகும் கதை என்பதால், இன்று எடுத்தால் நாயகன் போய் இறங்குவது 1990-களில். ஆசை யாருக்கும் வரத்தான் செய்யும்.

ஸ்டுடியோக்கள் ஏன் செவ்வியல்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதற்குக் காரணம் எளிது. தெரிந்த பெயருக்கு விளம்பரம் பாதி முடிந்துவிட்டது. டிம் பர்ட்டனின் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (2001) சுமார் 36 கோடி டாலர் வசூலித்தது. அதன் தொடர்ச்சியை எடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. 2011-இல் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சிம்பன்ஸியின் கண் வழியாகக் கதையை முதலிலிருந்து தொடங்கிய பிறகுதான் தொடர் உயிர் பெற்றது.

மீண்டும் எடுக்க உண்மையில் தகுதியானவை செவ்வியல்கள் அல்ல, நல்ல கருவைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுப்போன படங்கள். டேவிட் லிஞ்சின் 'டியூன்' (1984) அப்படி ஒன்று. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் தடித்த நாவல் முழுவதும் 137 நிமிடத்துக்குள் திணிக்கப்பட்டது. இறுதிப் படத்தொகுப்பின் உரிமை லிஞ்சிடம் இல்லை; பின்னர் தொலைக்காட்சிக்கு நீட்டிய வடிவத்திலிருந்து அவர் தன் பெயரையே எடுத்துவிட்டார். டெனி வில்நூவ் நாவலை இரண்டாகப் பிரித்தார். 2021-இல் வந்த முதல் பாகம் மட்டுமே 155 நிமிடம். ஆறு ஆஸ்கார் வாங்கியது. ஆனால் இத்தகைய வாய்ப்பு அபூர்வம். தோற்ற படத்தின் பெயர் சுவரொட்டியில் டிக்கெட் விற்காது. 'டியூன்' தப்பியதற்குக் காரணம், 1965-இலிருந்து கடைகளில் விற்றுக்கொண்டே இருந்த அந்த நாவல்.